மொரைன் வயதை வைத்து வெப்பமண்டல மலைகளின் பழைய வெப்பநிலையைச் சொல்ல முடியுமா?

காலக்கோடு

நண்பர்களே, வெப்பமண்டல ஆண்டிஸ் பனியாறுகளைப் பற்றி மூன்று ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடிக்கொண்டே போகிறது.

2000இல் ரோட்பெல், செல்ட்சர் இருவரும் எழுதியது: வட அட்லாண்டிக் வட்டாரம் கடுங்குளிரில் இருந்த யங்கர் டிரையாஸ் காலத்தில் (சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்) பெருவின் பனியாறுகள் வேகமாகப் பின்வாங்கின. 2005இல் ஜாக்குலின் ஸ்மித் குழு: பெருவிலும் பொலிவியாவிலும் பனியாறுகள் உச்சத்தைத் தொட்டது சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன். உலகின் பெரிய பனிப்படலங்கள் உச்சத்தில் இருந்த 21,000 ஆண்டு வாக்கில் இங்கே பின்வாங்கல் தொடங்கிவிட்டது. 2014இல் ஜொமெல்லி குழு: கொலம்பியாவின் ரிடாகுபா நெக்ரோ பனியாறு 14,000 ஆண்டு வாக்கில், அதாவது அண்டார்க்டிக் குளிர்மீட்சிக் காலத்தில் (தென் துருவ வட்டாரம் மறுபடி குளிர்ந்த காலம்), நன்றாக முன்னேறி வந்தது. யங்கர் டிரையாஸில் அதைவிடச் சிறியதாகத்தான் இருந்தது.

மூன்றுக்கும் அடிப்படை, பனியாறு தள்ளிக் குவித்துவிட்டுப் போன மொரைன் மேடுகளின் வயது. அந்த வயதிலிருந்து வெப்பநிலை எத்தனை டிகிரி குறைந்திருந்தது என்பது வரைக்கும் போகிறார்கள். ஒரு கல்லிலிருந்து வயது எப்படி வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம், வயதிலிருந்து வெப்பநிலைக்கு எப்படித் தாவுகிறார்கள்? இந்த மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கல்லும்மண்ணும்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குவார்ட்ஸைக் கரைத்துப் பெரிலியம் பிரிக்கும் ஆய்வகத்தில்தான் என் வேலை.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களைக் கிளப்புகின்றன. அவற்றில் சில தரை வரைக்கும் வந்து பாறைக்குள் நுழைகின்றன. குவார்ட்ஸில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கருவை அப்படி ஒரு நியூட்ரான் உடைக்கும்போது பெரிலியம்-10 பிறக்கிறது. இதன் அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டு. 20,000 ஆண்டு பழைய மொரைனில் சிதைவால் போகும் பங்கு 1 சதவீத அளவுதான். ஆக, கல் வெளிச்சத்துக்கு வந்த நாளிலிருந்து பெரிலியம்-10 சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பனியாற்றுக்கு அடியில், தடித்த பனியின் கீழே கிடக்கும் கல்லுக்கு இந்தக் கதிர்கள் எட்டாது. பாறைக்குள்ளேயே 60 செ.மீ. இறங்கினால் உருவாகும் அளவு மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். அதனால் பனியாறு ஒரு பாறாங்கல்லைச் சுரண்டி எடுத்து, மொரைன் முகட்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கினால், அந்தக் கணம் முதல் கணக்கு தொடங்குகிறது. மொத்த அணுக்களை ஆண்டுக்கு உருவாகும் அளவால் வகுத்தால் வயது.

கடல் மட்டத்தில், உயர் அட்சரேகையில், 1 கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு 4 அணுக்கள்தான் உருவாகும். மலை உயர உயர, மேலே இருக்கும் காற்று குறையும், கதிர் கூடும். பெருவின் கெல்காயா பனிக்கவிகை அருகே, 4,850 மீட்டர் வாக்கில், இந்த அளவு 40க்கும் மேல். அங்கே 12,000 ஆண்டு வெளியில் கிடந்த கல்லில், கிராமுக்கு ஏறத்தாழ 5 லட்சம் அணுக்கள் இருக்கும். 10 கிராம் சுத்தமான குவார்ட்ஸ் எடுத்தால் 50 லட்சம்.

கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அதை அளக்க, நாங்கள் அளவு தெரிந்த பெரிலியம்-9 (சாதாரண பெரிலியம்) கொஞ்சம் சேர்க்கிறோம். 0.2 மில்லிகிராம் சேர்த்தால், பத்து லட்சம் கோடி பெரிலியம்-9 அணுக்களுக்கு நான்கு பெரிலியம்-10 அணுக்கள் என்ற விகிதம் வரும். இதைச் சாதாரண நிறைமாலைமானியில் (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) பார்க்க முடியாது, துகள் முடுக்கியோடு சேர்ந்த நிறைமாலைமானி வேண்டும்.

அதற்கு முன்னால் செய்யும் வேலைதான் நீளம். கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் மணல் பருமனை மட்டும் எடுக்கிறோம். காந்தம் வைத்துக் கறுப்புக் கனிமங்களை நீக்குகிறோம். பிறகு நீர்த்த ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் திரும்பத் திரும்ப ஊறவிட்டால் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து போய்க் குவார்ட்ஸ் மிஞ்சும். மழையோடு இறங்கி மணியின் மேற்பரப்பில் ஒட்டிய பெரிலியம்-10உம் இதிலேயே கழிந்துபோகும். கடைசியில் முழுக் குவார்ட்ஸையும் கரைத்து, அயனிப் பரிமாற்றக் குழாய்களில் விட்டு, இரும்பு, டைட்டானியம், அலுமினியம் எல்லாவற்றையும் பிரித்து, சூளையில் சுட்டால், குடுவையின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் பொடி. ஒரு பாறாங்கல்லின் வரலாறு அவ்வளவிலும் அடங்கிவிடும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

விளக்கம் அருமை. ஆனால் சிக்கலே "ஆண்டுக்கு உருவாகும் அளவு" என்ற அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. அதை இரண்டு வரியில் கடந்துவிடக் கூடாது.

காஸ்மிக் கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் திருப்பிவிடுகிறது. துருவத்தில் இந்தத் தடை மிகக் குறைவு, நிலநடுக்கோட்டருகே மிக அதிகம். காந்தப்புலத்தின் வலிமை காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அந்த மாற்றத்தின் பாதிப்பும் வெப்பமண்டலத்தில்தான் கூடுதல். அதோடு நம் மலைகள் 4,000, 5,000 மீட்டர் உயரம். ஆக உயரத் திருத்தமும் பெரிது, காந்தத் திருத்தமும் பெரிது. லால் 1991இல் தந்த சூத்திரம், ஸ்டோன் 2000இல் அதைத் திருத்தியது, 2014இல் லிஃப்டன், சாட்டோ, டுனாய் தந்த முறை என்று ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள், ஒரே கல்லுக்கு வேறு வேறு வயது வரும்.

இப்போது காலக்கோடு சொன்ன சண்டைக்கு வருவோம். அண்டார்க்டிக் குளிர்மீட்சி 14,700 முதல் 13,000 ஆண்டு வரை. யங்கர் டிரையாஸ் 12,900 முதல் 11,700 வரை. ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 1,500 ஆண்டு இடைவெளி. ஆண்டுக்கு உருவாகும் அந்த அளவில், அதாவது உற்பத்தி வீதத்தில், 10 சதவீதம் பிசகினாலே 13,000 ஆண்டு வயதில் 1,300 ஆண்டு நகர்ந்துவிடும். அதாவது ஒரு மொரைன் வடக்கின் குளிரோடு சேர்ந்ததா, தெற்கின் குளிரோடு சேர்ந்ததா என்பதை மலை சொல்லவில்லை, நாம் தேர்ந்தெடுத்த எண் சொல்கிறது.

ஏரிச்சேறு

கணக்குப்பிள்ளை, 2010 வரைக்குமான நிலைமைக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். அதற்குப் பிறகு அந்த எண்ணை அங்கேயே போய் அளந்துவிட்டார்கள்.

கெல்காயாவின் மேற்கே ஹுவன்கானே பள்ளத்தாக்கு. 1970களில் ஜான் மெர்சர் அங்கே வேலை செய்து, மொரைன்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நடுத் தொகுதியில் ஒரு நல்ல வாய்ப்பு: பனியாறு முன்னேறி வந்தபோது வழியிலிருந்த பீட் மண்ணை (முழுக்க மட்காத தாவரங்கள் சேர்ந்த சதுப்பு மண்) புரட்டித் தள்ளி மொரைனுக்குள்ளேயே வைத்துவிட்டது. அந்தப் பீட்டுக்குக் கார்பன்-14 வயது எடுத்தால், மொரைன் அதைவிட இளையது என்று தெரியும். பின்வாங்கிய பிறகு மொரைனுக்கு உட்புறம் வளர்ந்த பீட்டையும், ஏரி அடிச்சேற்றையும் எடுத்தால், மொரைன் அதைவிட மூத்தது. இரண்டு பக்கமும் நெருக்கிக் கட்டியதில் கிடைத்த வயது 12,300 ஆண்டு வாக்கில். அதே மொரைனின் பாறாங்கற்களில் பெரிலியம்-10 எத்தனை என்று மெரிடித் கெல்லி குழு எண்ணியது. வயது தெரியும், அணுக்கள் தெரியும், வகுத்தால் உற்பத்தி வீதம். 2015இல் வெளியானது. பொலிவியாவின் உயர் பீடபூமியான ஆல்டிப்ளானோவிலும் பிளார்ட், மார்ட்டின் குழுக்கள் இதே போன்ற அளவீடுகளைச் செய்திருக்கிறார்கள்.

வெப்பமண்டலத்தில், உயரமான இடத்தில் எடுத்த இந்த எண்களை வைத்தால், தொலைதூர அட்சரேகைகளிலிருந்து இழுத்துக் கொண்டுவரும் பிழை பெரும்பகுதி போய்விடுகிறது. ஜொமெல்லி குழுவும் 2014இல் ஆண்டிஸிலேயே அளந்த இப்படிப்பட்ட வீதத்தைத்தான் பயன்படுத்தியது. ரிடாகுபா நெக்ரோவின் புதிய வயதுகளோடு, ஆண்டிஸின் மற்ற பனியாறுகளின் பழைய வயதுகளையும் ஒரே வீதத்தில் மறுபடி கணக்கிட்டார்கள். அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு எடை அதிகம்.

பனிமுகடு

ஆய்வகத்துக்குக் கல் போவதற்கு முன்னாலேயே பாதி முடிவு மலையில் நடந்துவிடுகிறது. கல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மொரைன் என்பது கல்லும் மணலும் களிமண்ணும் கலந்த தளர்ந்த மேடு. பனி போன மறுநாளிலிருந்தே மழையில் கரையத் தொடங்கும். முகடு தாழும். உள்ளே புதைந்திருந்த பாறாங்கல் மெல்ல மெல்ல வெளியே தலைகாட்டும். அப்படி 5,000 ஆண்டு கழித்து வெளியே வந்த கல்லை எடுத்தால், மொரைனின் வயதைவிட 5,000 ஆண்டு குறைவாகக் காட்டும். இன்னொரு பக்கம், பள்ளத்தாக்குச் சுவரிலிருந்து பனியின் மேல் விழுந்து சவாரி செய்து வந்த கல், சுவரில் இருந்த காலத்திலேயே பெரிலியம் சேர்த்து வைத்திருக்கும். அது கூடுதல் வயது காட்டும்.

அதனால் முகட்டின் உச்சியில், சரிவில் அல்ல, நன்றாக ஊன்றி நிற்கிற, ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கல்லாகத் தேடுவோம். மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்ப்பேன். பனியாறு இழைத்த வழவழப்பு எங்காவது மிச்சம் இருந்தால் அந்தக் கல்லுக்கு முன்னுரிமை, ஏனென்றால் அங்கே அரிப்பு ஏறக்குறைய இல்லை. மணி மணியாக உதிர்கிற கல், மேல்தோல் தகடாகப் பெயர்ந்த கல், பக்கத்துக் கல்லிலிருந்து உடைந்து உருண்ட கல் எல்லாம் வேண்டாம். உச்சித் தட்டையில் 2 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர்த்தெடுப்போம். சாய்வு, திசை, சுற்றியுள்ள மலைமுகடுகள் வானத்தை எத்தனை டிகிரி மறைக்கின்றன என்று நோட்டில் எழுதியாக வேண்டும். மலை மறைத்த திசையிலிருந்து கதிர் வராது.

பனிப்பொழிவையும் பலர் கேட்பார்கள். 1 மீட்டர் தடிமனில், நீரைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த அடர்த்தியில், ஆண்டுக்கு 4 மாதம் பனி மூடியிருந்தால் வயதில் 6 சதவீதம் குறையும். வெப்பமண்டல மலைகளில் பனியாற்றுக்குக் கீழே விழும் பனி பெரும்பாலும் சில நாளில் உருகிவிடும், உயரமான கல்லின் தலையில் நிற்பதே இல்லை. இந்த விஷயத்தில் நமக்கு உயர் அட்சரேகைக்காரர்களைவிட வசதி.

ஒரு மொரைனுக்கு ஒரே ஒரு கல்லை அளந்து முடிவு சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை. ஐந்தாறு கற்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் நம்பலாம்.

புதுவாசகி

வயது விஷயம் ஓரளவு பிடிபடுகிறது, நன்றி. ஆனால் வெப்பநிலை? பனியாறு கீழே இறங்கி வந்தது என்றால் குளிர் கூடியது என்றும் சொல்லலாம், பனிப்பொழிவு கூடியது என்றும் சொல்லலாம் அல்லவா? இரண்டில் எது என்று கல் எப்படிச் சொல்லும்?

பனிமுகடு

கல் சொல்லாது. மொரைனின் வடிவமும் உயரமும்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பனியாற்றிலும் ஒரு சமநிலைக் கோடு உண்டு. அதற்கு மேலே ஆண்டு முழுக்கச் சேர்வது அதிகம், கீழே கரைவது அதிகம். மொரைன்களை வைத்துப் பழைய பனியாற்றின் எல்லையை வரைந்தால், அந்தக் கோடு முன்பு எங்கே இருந்தது என்று கணிக்கலாம். ஸ்டீபன் போர்ட்டர் 2001இல் வெப்பமண்டலம் முழுவதுக்கும் தொகுத்துப் பார்த்தார். கடைசிப் பனியுகத்தில் பனிக்கோடு (இந்தச் சமநிலைக் கோடுதான்) சராசரியாக 900 மீட்டர் கீழே இருந்தது. 1,000 மீட்டருக்கு 6 டிகிரி என்ற கணக்கில் 5.4 டிகிரி குளிர். அவரே கொடுத்த பிழை எல்லை 900க்குக் கூடக்குறைய 135 மீட்டர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோட்டுக்கு மேலே இருக்கும் பரப்பு மொத்தத்தில் எத்தனை பங்கு என்று ஆல்ப்ஸ் மலைக்கு உருவாக்கிய விகிதங்களை அப்படியே இங்கே போடக் கூடாது. ஆல்ப்ஸில் கரைவது கோடையில் மட்டும். நிலநடுக்கோட்டருகே ஆண்டின் எல்லா மாதமும் ஒரே வெப்பநிலைதான், பனியாற்றின் நாக்கு ஆண்டு முழுக்கக் கரைந்துகொண்டே இருக்கும். அதனால் கோட்டுக்குக் கீழே நீளும் பகுதி குட்டையாக இருக்கும், மேலே இருக்கும் பரப்பின் பங்கு கூடும். ஆஸ்மாஸ்டன், காசர் இருவரும் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

புதுவாசகி கேட்டதுக்கு இது பாதிப் பதில்தான். மழையின் பங்கை நீங்கள் தொடவே இல்லை.

1 கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் போதும். அதையே உருகாமல் நேராக ஆவியாக்க 2,800 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், எட்டு மடங்குக்கும் அதிகம். காற்று வறண்டிருந்தால் கிடைக்கிற வெயிலில் பெரும்பகுதி பதங்கமாதலுக்கே போய்விடும், பனி உருகுவது குறையும். காற்று ஈரமானால் அதே வெயில் பனியை உருக்கிவிடும். அப்புறம் புதுப்பனி விழுந்தால் வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். மழைக்காலம் தாமதமாகத் தொடங்கினால் பழைய அழுக்குப் பனி வெளியே தெரியும், வெயிலை உறிஞ்சும். ஆக வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமல் ஈரமும் மேகமும் மாறினாலே பனியாறு நகரும். கிளிமஞ்சாரோ உச்சியில் செங்குத்தாக நிற்கும் பனிச்சுவர்களைப் பார்த்தாலே வறட்சியும் வெயிலும் என்ன செய்யும் என்று புரியும்.

பொலிவியாவின் துனுபா எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊயூனி உப்புவெளியின் ஓரத்தில் நிற்கிறது. அதன் மொரைன்களைப் பிளார்ட் குழு ஹீலியம்-3 (பெரிலியம்-10 போலவே காஸ்மிக் கதிரால் பாறையில் பிறப்பது) வைத்து அளந்தது. உலகம் சூடேறத் தொடங்கி நெடுங்காலம் ஆன பிறகும், 15,000 ஆண்டு வரைக்கும், பனியாறு கீழேயே நின்றிருக்கிறது. அதே காலத்தில் ஆல்டிப்ளானோவில் தௌகா என்ற பேரேரி, 50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தது. அந்த ஏரியை நிரப்பிய மழைதான் பனியாற்றையும் பிடித்து வைத்தது. இதை வெறும் வெப்பநிலை என்று படித்தால் தப்பான விடை வரும்.

ஏரிச்சேறு

துனுபா உதாரணம் உங்கள் வாதத்துக்கு மட்டுமல்ல, தீர்வுக்கும் உதவுகிறது. அங்கே இரண்டு சாட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஏரி அவ்வளவு பெரிதாக நிற்க, மழைக்கும் ஆவியாதலுக்கும் இடையே ஒரு சமன் வேண்டும். பனியாறு அந்த உயரத்தில் நிற்க, மழைக்கும் வெப்பநிலைக்கும் இடையே இன்னொரு சமன் வேண்டும். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். சேர்த்துத் தீர்த்தால் குளிரும் கிடைக்கும், மழையும் கிடைக்கும். பிளார்ட் குழு செய்தது அதுவே. விடையில் குளிர், மழை இரண்டுமே இருந்தன.

தனி மொரைனை வைத்து இது முடியாது. பக்கத்தில் ஏரி, மகரந்தம், பனி உள்ளகம் (பனியைத் துளைத்தெடுத்த உருளை) என்று இன்னொரு சாட்சி வேண்டும்.

கல்லும்மண்ணும்

ஆப்பிரிக்காவின் ருவென்சோரி மலையில் இதற்கு நேர்மாறான நிலை, அது இன்னும் தெளிவானது. உகாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவே, நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும் மலை. 5,109 மீட்டர். கிளிமஞ்சாரோ, கென்யா மலைகளைப் போல எரிமலை இல்லை, பழைய நைஸ் பாறை, நிறையக் குவார்ட்ஸ். அதனால் பெரிலியம்-10 வேலை செய்யும். சிரமம் வேறு மாதிரி: எல்லாக் கல்லின் மேலும் தடித்த ஈரப்பாசி. அதை உரித்தால்தான் பாறையின் முகம் தெரியும்.

அங்கே மஹோமா ஏரியின் அடிச்சேற்றை லிவிங்ஸ்டன் 1962இலேயே கார்பன்-14 வைத்து அளந்தார். 14,700 கார்பன் ஆண்டு (நாட்காட்டி ஆண்டாகத் திருத்தாத எண்) வாக்கில் வந்தது. ஆனால் அது குறைந்தபட்ச வயது மட்டுமே: பனி போய், ஏரி நிறைந்து, சேறு படியத் தொடங்கியது எப்போது என்று சொல்லும். மொரைன் எப்போது எழுந்தது என்று சொல்லாது. ஐம்பது ஆண்டு கழித்துக் கெல்லி குழு ருவென்சோரி மொரைன்களின் பாறாங்கற்களையே அளந்தபோது 25,000, 20,000 ஆண்டு வாக்கில் வயது வந்தது. உலகளாவிய பனியுக உச்சத்தோடு அப்படியே பொருந்துகிறது.

இப்போது மழையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகள் தாழ்ந்து கிடந்தன. வட்டாரமே வறட்சி. மழை குறைந்தும் பனியாறு பெரிதாக நின்றது என்றால், அதைக் குளிர்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். கெல்லி குழுவின் 2014 கட்டுரையின் மைய வாதம் இதுதான். எனக்கு இது மிக வலுவான வாதமாகப் படுகிறது.

அதைவிட முக்கியம் அடுத்தது. 2019இல் ஜாக்சன் குழு அதே மலையில் பின்வாங்கல் எப்போது தொடங்கியது என்று பார்த்தது. 20,000 ஆண்டு வாக்கில். வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு ஏறத் தொடங்கியது 18,000 ஆண்டு வாக்கில்தான். ஆக, வெப்பமண்டல மலை சூடேறத் தொடங்கியபோது அந்த வாயு இன்னும் ஏறவில்லை. உயர் அட்சரேகைகளின் சூடேற்றம் வெப்பமண்டலத்தை எட்டியது என்பது அவர்கள் விளக்கம். தொடக்கத்தைப் பற்றிய வாதம் இது. பிறகு வந்த பெரும் சூடேற்றத்தில் கார்பன் டை ஆக்சைடின் பங்கை இது குறைப்பதில்லை.

காலக்கோடு

ஸ்மித் குழுவின் 2005 கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது. பனிக்கோடு தாழ்ந்த அளவை அவர்கள் கணக்கிட்டால், பழைய மதிப்பீடுகள் சொன்ன குளிரில் பாதிதான் வருகிறதாம். கடல் தரவும் மலைத் தரவும் முரண்பட்டதற்கு இதுவே விடை ஆகலாம் என்கிறார்கள். அது என்ன முரண்பாடு?

ஏரிச்சேறு

பழைய, நல்ல சண்டை அது. 1976லும் 1981லும் கிளைமாப் திட்டம் கடலடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளை வைத்து, பனியுகத்தில் வெப்பமண்டலக் கடல்கள் பெரும்பாலான இடங்களில் 2 டிகிரிக்கும் குறைவாகவே குளிர்ந்தன என்றது. சில இடங்களில் இன்றையதைவிடச் சூடு என்றும் காட்டியது. மலைக்காரர்கள் 5 டிகிரி என்கிறார்கள். இரண்டும் சரி என்றால், கடல் மட்டத்திலிருந்து மலை உச்சி வரை வெப்பநிலை குறையும் வேகம் மாறியிருக்க வேண்டும். 1985இல் ரிண்ட், பீட்டீட் இருவரும் இதை வெளிப்படையாகக் கேள்வியாக்கினார்கள். 1990களில் பார்படோஸ் பவளங்களும், பிரேசில் நிலத்தடி நீரில் கரைந்திருந்த மந்த வாயுக்களும் 5 டிகிரியை ஒட்டிய குளிரைக் காட்டின. அந்த நீர் தாழ்நிலத்து நீர், பனியாறே இல்லாத இடம். அதனால் மலைக்காரர்கள் கை ஓங்கியது.

இன்றைக்குக் கடலின் குளிர் கிளைமாப் சொன்னதைவிட அதிகம் என்பதில் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள். மலைகள் கடலைவிடக் கூடுதலாகவே குளிர்ந்தன என்பதற்கும் சான்று இருக்கிறது. கென்யா மலையில் 3,000 மீட்டர் உயரத்து ருட்டுண்டு ஏரியின் சேற்றிலுள்ள பாக்டீரியக் கொழுப்புகளை லூமிஸ் குழு 2017இல் ஆராய்ந்தது. தாழ்வான ஏரிகளோடு ஒப்பிட்டால், பனியுகத்தில் உயரத்தோடு வெப்பநிலை குறையும் வீதம் இன்றையதைவிடச் செங்குத்து. வறண்ட காற்றில் அப்படித்தான் நடக்க வேண்டும்: மேலே போகும் நீராவி குறைந்தால், அது ஒடுங்கி வெளியிடும் வெப்பமும் குறையும்.

பனிமுகடு சொன்ன 1,000 மீட்டருக்கு 6 டிகிரி என்ற கணக்கை நிலையான எண்ணாக எடுக்கக் கூடாது என்பது இதிலிருந்து வருகிறது. வீதம் மாறினால் அதே 900 மீட்டரிலிருந்து வேறு டிகிரி வரும்.

புதுவாசகி

எரிமலைப் பாறையில் குவார்ட்ஸ் இல்லை என்றால் கிளிமஞ்சாரோவை எப்படி அளந்தார்கள்?

கல்லும்மண்ணும்

குளோரின்-36. ஷனஹான், ஸ்ரெடா இருவரும் 2000இல் கிளிமஞ்சாரோ, கென்யா மலை இரண்டுக்கும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். பாப்புவா நியூ கினியின் கிலுவே மலையிலும் அதுவே. ஆனால் குளோரின்-36 பல வழிகளில் பிறக்கும்: கால்சியத்திலிருந்து, பொட்டாசியத்திலிருந்து, பாறையிலேயே உள்ள சாதாரண குளோரின் நியூட்ரானைப் பிடிப்பதிலிருந்து. பாறையின் முழு வேதியியலும் தெரிந்தாக வேண்டும். பாறையில் எத்தனை ஈரம் என்பதுகூடக் கணக்கில் வரும்.

ஹீலியம்-3 இன்னொரு வழி. ஆலிவின், பைராக்சீன் கனிமங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெருவின் கொரோபுனா எரிமலையில் பிராம்லி குழு இதைச் செய்தது. மாக்மாவிலிருந்து வந்த ஹீலியமும் உள்ளே இருக்கும் என்பதால், முதலில் வெற்றிடத்தில் கனிமத்தை நொறுக்கி அதை அளந்துவிட்டு, பிறகு உருக்கி மீதியை அளப்பார்கள். ஹீலியம்-3 சிதையாது. கல் பழைய காலத்தில் சேர்த்த கணக்கு எதுவும் அழியாது என்பது அதன் பலவீனம்.

கணக்குப்பிள்ளை

இன்னொரு அடிப்படைக் குறை. மொரைன் பனியாற்றின் பெரிய நிலைகளை மட்டும்தான் பதிவு செய்யும். பின்னால் வந்த பெரிய முன்னேற்றம், முன்னால் இருந்த சிறிய மேடுகளை எல்லாம் இடித்துத் தள்ளிவிடும், கரும்பலகையை அழித்துவிட்டு மேலே எழுதுவது போல. பனியாறு இன்றையதைவிடச் சிறிதாக எப்போதாவது இருந்ததா? மொரைனிடம் இதற்குப் பதில் கிடையாது. இன்றைய சூடேற்றத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியதே அந்தக் கேள்விதான்.

பனிமுகடு

உண்மை, அதற்குப் பனி விலகிய இடத்திலேயே போய்த் தேட வேண்டும். கெல்காயாவின் விளிம்பு பின்வாங்கியபோது, வேரோடு நின்ற நிலையிலேயே பழைய தாவரங்கள் வெளிவந்தன. கார்பன்-14 வயது 5,000 ஆண்டுக்குச் சற்று மேல். லானி தாம்ஸன் குழு கண்டது. அந்தச் செடிகள் மூடப்பட்ட நாளிலிருந்து இந்த நூற்றாண்டு வரைக்கும் அந்த இடம் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மட்கிப் போயிருக்கும்.

2024இல் கோரின் குழு இன்னும் நேராகக் கேட்டது. கொலம்பியா, பெரு, பொலிவியாவில் நான்கு பனியாறுகளின் விளிம்பில், அண்மையில் வெளிவந்த அடிப்பாறையையே பெயர்த்தெடுத்தார்கள். அதில் பெரிலியம்-10உம் பாறைக்குள்ளேயே பிறக்கும் கார்பன்-14உம் ஏறக்குறைய இல்லவே இல்லை. கடந்த 11,700 ஆண்டுகளில் அந்தப் பாறை குறிப்பிடத்தக்க அளவுக்கு வெயிலைப் பார்க்கவே இல்லை என்று பொருள். ஒன்றிரண்டு பனியாறு என்றால் உள்ளூர்க் காரணம் என்று சொல்லலாம். ஆண்டிஸின் நீளத்துக்குப் பரந்த நான்கு இடத்தில் ஒரே விடை என்பது என்னை உலுக்கிவிட்டது.

கணக்குப்பிள்ளை

பனியாறு பாறையையே செதுக்கிக்கொண்டு போயிருக்கலாமே? மேல் ஒரு மீட்டர் போனால் பெரிலியம்-10உம் அதோடு போகும். அப்போது சுழியம் என்பதற்கு வேறு பொருள்.

கல்லும்மண்ணும்

அதற்காகத்தான் இரண்டு ஐசோடோப்பு. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. காஸ்மிக் கதிரால் பிறந்து பாறைக்குள் ஆழமாக ஊடுருவும் மியூவான் துகள்கள் அதை ஆழத்திலும் கணிசமாக உருவாக்குகின்றன. அதனால் மேற்பரப்பைச் செதுக்கினாலும் கீழே கொஞ்சம் மிஞ்சும். 10,000 ஆண்டுக்கு முன் பாறை நன்றாக வெளியில் கிடந்து பிறகு மூடப்பட்டிருந்தால், அன்று சேர்ந்த கார்பன்-14இல் 30 சதவீதம் இன்றும் சிதையாமல் இருக்கும். இரண்டும் சேர்ந்து இவ்வளவு குறைவாக இருக்க அரிப்பு மட்டும் காரணம் என்று சொல்ல, எல்லா இடத்திலும் மிக வேகமான அரிப்பு தேவைப்படும். இருந்தாலும் உங்கள் கேள்வியை ஒவ்வொரு புதிய இடத்திலும் கேட்டாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

காலக்கோடு

அனைவருக்கும் நன்றி. கடைசியாக, நடைமுறைக் கேள்வி ஒன்று. ஸ்மித் குழுவின் 34,000 போன்ற பழைய எண்களை இன்று படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? கட்டுரையில் என்ன பார்க்க வேண்டும்?

கல்லும்மண்ணும்

வயதைப் பார்க்காதீர்கள், அட்டவணையைப் பாருங்கள். வயது என்பது அன்றைய உற்பத்தி வீதத்தில் கணக்கிட்ட முடிவு, அது மாறும். கிராமுக்கு எத்தனை அணுக்கள் என்பது அளவீடு.

அந்த அளவீட்டையும் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும். 2007இல் நிஷியிசூமி குழு ஒப்பீட்டுத் தரக்கரைசலின் (எல்லா மாதிரிகளையும் ஒப்பிட்டு அளக்கும் கரைசல்) மதிப்பைத் திருத்தியது. அதற்கு முன் அந்தப் பழைய தர அளவில் அளந்த எண்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைய வேண்டும். அதோடு பெரிலியம்-10இன் அரை ஆயுளும் 15 லட்சம் ஆண்டு என்றிருந்தது, 2010இல் 13.9 லட்சமாக உறுதியானது. எந்தத் தரக்கரைசல் என்று கட்டுரையில் இல்லை என்றால், அந்தத் தரவை மறுகணக்கிடவே முடியாது.

மாதிரியின் அட்சரேகை, உயரம், தடிமன், மலைமறைப்பு, பாறை அடர்த்தி, அணு எண்ணிக்கை, தரக்கரைசல் இத்தனையும் இருந்தால், பால்கோ குழு 2008இல் வெளியிட்ட இணையக் கணிப்பானில் போட்டு இன்றைய வயதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆண்டிஸ் வீதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மொரைனின் எல்லாக் கற்களையும் ஒன்றாகப் போடுங்கள், சராசரியை மட்டும் பார்க்காமல் பரவலையும் பாருங்கள்.

காலக்கோடு

மூன்றில் இரண்டு கட்டுரைகளில் அட்டவணை முழுமையாக இருக்கிறது. ஸ்மித் குழு பெருவின் ஜுனினில் எடுத்த மாதிரிகளிலிருந்து தொடங்குகிறேன். எண்களை இதே இழையில் இடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

மூன்று சூத்திரத்திலும் போட்டு மூன்று பத்தியாக இடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.